பக்கத்து சீட்டு பிரேக்

ஊரில் பிரேக் வாத்தியார் என்று கேட்டால்தான் அவர் வீட்டைக் காட்டுவார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கூரையில் போர்டு வைத்த ஒரு பழைய கார். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து சீட்டில் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக். இரண்டையும் ஒரு இரும்புக் கம்பி சேர்க்கும். இருபது வருஷமாக அவர் அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டும் வண்டியைத் தன் காலால் நிறுத்திக்கொண்டிருந்தார். பயப்படுவதுதான் அவர் தொழில். வேலை நேரத்தில் பயந்தால் வருமானம், மற்ற நேரத்தில் பயப்படுவது இலவசச் சேவை. தூக்கத்தில்கூட அவர் வலது கால் மிதிக்கும். கட்டிலின் கால்மாட்டுப் பலகை ஏற்கெனவே ஒரு தடவை மாற்றியாகிவிட்டது.

வீட்டில் அவரிடம் இன்னொரு பிரேக் இருந்தது. அது ஒரே ஒரு சொல்: "பார்க்கலாம்."

அது அப்பா வழிச் சொத்து. அப்பா லாரி ஓட்டினவர். லாரி கைவிட்டுப் போனது, சொல் மட்டும் மகனிடம் நின்றது. "முடியாது" என்றால் சண்டை வரும். "சரி" என்றால் செலவு வரும். "பார்க்கலாம்" என்றால் ஒன்றும் வராது. கேட்டவர் நம்பிக்கையோடு போவார், கொஞ்ச நாளில் மறந்தும் போவார். கப்பல் எஞ்சின் படிக்கட்டுமா என்று மகள் கேட்டபோது வாத்தியார் அதைத்தான் சொன்னார். மகள் சின்ன வயதிலிருந்தே கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் பார்க்கிறவள். வீட்டில் அவளுக்கு ஸ்பேனர் என்றே பெயர். அவளும் "சரிப்பா" என்று போய்விட்டாள். சொல் இன்னும் தேயவில்லை என்று வாத்தியார் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதிக்கு ஒரு காலை நேரத்தில் சோதனை வந்தது. அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்தாள். மருந்து கம்பெனி ஒன்றில் போன் எடுக்கும் வேலை அவளுக்கு.

"என்னங்க, எனக்கு ஏரியா சூப்பர்வைசர் வேலை குடுக்கறாங்க."

"நல்லதுதானே."

"கம்பெனி கார் குடுப்பாங்க. ஊர் ஊரா நானே ஓட்டிட்டுப் போகணும். இந்த மாசத்துக்குள்ள லைசென்ஸ் வாங்கலன்னா, எனக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்த ஆளு ஒருத்தருக்குப் போயிடும். நீங்க கத்துக் குடுங்க."

"பார்க்கலாம்."

"எப்ப?"

டீ மூக்கில் ஏறியது. இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கேள்வி வரும் என்று அப்பா சொல்லித் தரவில்லை.

"எப்பன்னா... பார்க்கலாம்னேனே."

"அதான் எப்ப பார்க்கலாம்? நாளைக்கா, இன்னிக்கு சாயங்காலமேவா?"

"ஏன் இந்த அவசரம்? போன் வேலைக்கு என்ன குறைச்சல்? ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்க."

மனைவி அவர் டீ டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்.

"சுத்துப்பட்டுல இருக்கற அத்தனை மருந்துக் கடைக்காரங்க குரலும் எனக்குத் தெரியும். யாருக்கு இருமல், யாருக்குக் கடன், யார் வீட்டுல புதுசா குழந்தை பொறந்திருக்கு, எல்லாம் குரல்லயே தெரியும். ஒருத்தர் முகமும் தெரியாதுங்க. ஒரு தடவையாவது கடைக்குள்ள போய் நின்னு, 'நான்தான் அது'ன்னு சொல்லணும்."

பதில் தெரியாதபோது வாத்தியாரின் கால் தரையை மிதிக்கும். மிதித்தது.

"உங்களுக்கு முடியலன்னா பரவாயில்ல. மார்க்கெட் பக்கத்துல ஜெட் டிரைவிங் ஸ்கூல்னு ஒண்ணு இருக்காம். அங்க சேந்துக்கறேன்."

பிரேக் வாத்தியார் மனைவி ஜெட்டில் போய்ச் சேர்ந்தால் ஊர் எதனால் சிரிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலமே பாடம் என்று முடிவாயிற்று.

ஊரில் எத்தனையோ பெண்களுக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அவர்கள் கற்றுக்கொண்டு அவரவர் வீட்டை விட்டுத்தான் போனார்கள். அதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இது அவர் வீடு. அன்று பகல் முழுக்க அவர் கண்ணுக்குள் மழை பெய்தது, டயர் வெடித்தது, எதிரே லாரி வந்தது, அவள் போனில் சார்ஜ் இல்லாமல் போனது. உள்ளதைச் சொன்னால், இவை எல்லாம் நடக்காமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் அதைவிடப் பெரிய பயம். அவள் பத்திரமாகப் போவாள். சந்தோஷமாகப் போவாள். ஊர் ஊராகப் போகிறவளுக்கு, நின்ற இடத்திலேயே வண்டியை நிறுத்துகிற மனிதன் எதற்கு?

ஆகவே ஒரு திட்டம் போட்டார். ரொம்பச் சின்னத் திட்டம். அவள் கிளட்சை விட்டு வண்டியை எடுக்கும் நேரத்தில், இவர் தன் பக்கத்து பிரேக்கைக் கொஞ்சமே கொஞ்சம் அழுத்த வேண்டும். வண்டி நகர முடியாமல் திணறி அணைந்துவிடும். நாலு நாள் இப்படி அணைந்தால் அவளே "இது எனக்கு வராதுங்க" என்பாள். இவர் பெருந்தன்மையோடு "எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா?" என்பார். அடியும் இல்லை, தடயமும் இல்லை.

சாயங்காலம் மைதானத்துக்குப் புறப்படும்போது பின்சீட்டில் இரண்டு பேர் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி ஸ்பேனர். இன்னொருத்தி வாத்தியாரின் அம்மா.

"நீ எதுக்கும்மா?"

"காத்து வாங்கடா. வீட்டுல ஃபேன் காத்து, இங்க ஓசிக் காத்து."

பாடம் ஆரம்பித்தது. வாத்தியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் முதல் விதியைச் சொன்னார். எல்லா மாணவர்களுக்கும் சொல்லும் விதிதான், இன்றைக்கு அது ரொம்ப உபயோகம்.

"காலைப் பார்க்கவே கூடாது. ரோட்டை மட்டும் பாரு. ம், கிளட்சை மெதுவா விடு."

அவள் மெதுவாக விட்டாள். அவர் மெதுவாக மிதித்தார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது.

மனைவி கொஞ்சம் அசையாமல் இருந்தாள். குனியவில்லை, ரோட்டையே பார்த்தாள்.

"அணைஞ்சிடுச்சு," என்றாள்.

"அணையத்தான் செய்யும். கை வரணும்ல."

"கையா, காலா?"

"ரெண்டும்தான்."

"சரி. மறுபடி எடுக்கறேன்."

மறுபடியும் அணைந்தது. அதற்கு அடுத்த தடவையும் அணைந்தது. ஒவ்வொரு தடவையும் வாத்தியார் நாக்கால் "த்ச்" கொட்டினார். அந்த "த்ச்" இருக்கிறதே, அதில் அவ்வளவு அனுதாபம்.

"ஏண்டா," என்றாள் பின்சீட்டிலிருந்து அம்மா, "வண்டி அணையும்போதெல்லாம் உன் முட்டி மேலயும் கீழயும் ஆடுதே?"

"வாயுப் பிடிப்பும்மா."

"அது வண்டிக்கும் உனக்கும் ஒரே நேரத்துல பிடிக்குதா?"

ஸ்பேனர் ஜன்னல் பக்கம் திரும்பி ரொம்ப நேரம் இருமினாள்.

நாலு நாள் ஆயிற்று. அவள் "வராது" என்று சொல்லவில்லை. அதற்கு மேலும் சில நாள் போயிற்று, சொல்லவில்லை. அதற்குள் இன்னொன்று நடந்தது. அவள் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரு நூல் கூட்ட ஆரம்பித்தாள். வண்டி உறுமிக்கொண்டு, பிரேக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, இன்ச் இன்சாக நகர்ந்தது. வாத்தியாருக்கு வியர்த்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அவள் இன்னும் ஒரு நூல் கூட்டினாள். கருகின வாசனை வந்தது.

"என்னங்க வாசனை?"

"கிளட்ச். வண்டிக்கு வயசாச்சு."

"பாவம். யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி திணறுது."

தினமும் வீடு திரும்பும்போது வாத்தியாரின் வலது கால் கெண்டைச் சதை கல்லாகியிருக்கும். மனைவி தைலம் எடுத்துவந்து தேய்த்துவிடுவாள்.

"கால் ஏங்க இப்படி வீங்குது?"

"வேலைதான்."

"எனக்காக ரொம்ப உழைக்கறீங்க."

வாத்தியார் காலை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தார். இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு பக்கம் இருந்தது. இவ்வளவு நல்லவளை எப்படி வெளியூருக்கு அனுப்புவது என்று இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டாவது பக்கம் கொஞ்சம் பெரிய பக்கம்.

லைசென்ஸ் டெஸ்டுக்கு நாள் வந்துவிட்டது. டெஸ்டில் மாணவர் ஓட்டுவார், வாத்தியார் பக்கத்தில் இருப்பார், அதிகாரி பின்சீட்டில் இருப்பார். பழைய பாலத்து ஏற்றத்தில் ஒரு தடவை வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு தொடு தொட்டால் போதும். வண்டி அணையும், டெஸ்ட் போகும், வேலை அந்த இன்னொரு ஆளுக்குப் போகும், மனைவி வீட்டில் இருப்பாள். ஆறுதலாகச் சொல்ல வேண்டியதைக்கூட வாத்தியார் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்." நன்றாகவே வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் ஸ்பேனர் வந்து நின்றாள்.

"அப்பா, நாளைக்கு அம்மாவுக்கு டெஸ்ட். நான் காரைக் கழுவி வைக்கறேன்."

"உள்ளயும் துடைச்சிடும்மா."

"உள்ளதாம்ப்பா முக்கியம்."

"இருட்டிட்டு வருது," என்றாள் அம்மா. "நான் டார்ச் பிடிக்கறேன்."

குடும்பம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நெகிழ்ந்துபோய் வாத்தியார் டீக்கடைக்குப் போனார்.

மறுநாள் டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி ஒரு பெண்மணி. சிரிப்பதை அரசாங்கச் செலவாக நினைக்கிறவர். வாத்தியாருக்கு நேர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"வாத்தியாரே, சட்டம் தெரியும்ல? நீங்க பிரேக் போட்டா டெஸ்ட் அங்கயே முடிஞ்சுது. உங்க கால் இங்கிருந்து எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். வண்டி குலுங்கினா எனக்குத் தெரியும்."

"தெரியும்ங்க மேடம்."

மனைவி கண்ணாடியைச் சரிசெய்தாள். கிளட்சை விட்டாள். கார் வெண்ணெயில் வழுக்கின மாதிரி கிளம்பியது. மார்க்கெட், பள்ளிக்கூட வளைவு, வட்டச் சாலை எல்லாவற்றையும் கடந்தாள். தவறு என்று சொல்ல வாத்தியாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடித்தான் பார்த்தார். பாலத்து ஏற்றம் நெருங்கியது. பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கல்யாணமான புதிதில் பார்த்த முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் வேண்டாம் என்று முடிவு செய்தார். கால் கீழேயே இருக்கட்டும், அவள் போகட்டும், வருவது வரட்டும். நல்ல முடிவு. அதை முழுதாக முடிவு செய்து முடிப்பதற்குள் முன்னால் போன வேன் ஏற்றத்தின் நடுவில் சட்டென்று நின்றது.

இருபது வருஷத்துக் கால் யாரைக் கேட்டுக்கொண்டு மிதிக்கும்? பாய்ந்து முழுசாக மிதித்துவிட்டது. கார் நின்றது.

தொலைந்தது என்று வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். மனசு மாறின பிறகு கால் மாட்டிவிட்டது. அதிகாரி இதோ சொல்லப் போகிறார், டெஸ்ட் முடிந்தது, இறங்குங்கள். ஆனால் பின்னாலிருந்து சத்தமில்லை. மெதுவாகக் கண்ணைத் திறந்தார். முன்னால் வேன் கிளம்பிவிட்டது. பின்னால் ஒரு பஸ் முகர்ந்து பார்க்கிற தூரத்தில் நின்று ஹாரன் அடித்தது. மனைவி அரைக் கிளட்ச் பிடித்து ஒரு நூல் கூட்டினாள். கார் பின்னால் ஒரு விரல்கூட நழுவாமல் மேலே ஏறியது.

அப்போதுதான் வாத்தியார் தன் காலைக் கவனித்தார். அது இன்னும் பிரேக்கின் மேலேயே இருந்தது. பயத்தில் எடுக்க மறந்திருந்தார். பிரேக் தரையோடு தரையாக அழுந்திக் கிடக்கிறது, கார் மேலே போய்க்கொண்டிருக்கிறது. எடுத்துவிட்டு மறுபடி மிதித்தார். போகிறது. சீட்டிலிருந்து எழும்பி முழு எடையையும் வைத்து மிதித்தார். போகிறது.

பிரேக் பிடிக்கவில்லை. கத்தலாம். கத்தினால், பிடிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்பார். கத்தாவிட்டால் பாலத்துக்கு அந்தப் பக்கம் இறக்கம், இறக்கத்தின் அடியில் சிக்னல். மானமா, உயிரா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே கார் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் ஓடியது. சிக்னல் சிவப்பாக இருந்தது. மனைவி நிதானமாக மிதித்தாள். கார் கோட்டுக்கு இந்தப் பக்கமே, ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது.

அவள் பிரேக் நன்றாகத்தான் இருந்தது, ஏற்றத்தில் காரை நிறுத்தியதும் அதுதான். அவருடையதுதான் போயிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரேக் வாத்தியார் ஒரு காரில் வெறும் பயணியாக உட்கார்ந்திருந்தார். மீதி வழி முழுக்க இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

டெஸ்ட் முடிந்து இறங்கியதும் அதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏத்தத்துல இப்படி வண்டி எடுக்கறதை நான் அதிகம் பார்த்ததில்ல. எப்படிங்க பழக்குனீங்க?"

"நான்... கூடவே இருந்தேன் மேடம்."

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"வாயுப் பிடிப்பு மேடம்."

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வாத்தியார் மூன்று பெண்களையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தார். ஸ்பேனர் பையிலிருந்து எண்ணெய் படிந்த இரும்புக் கம்பியை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"உள்ள துடைக்கச் சொன்னீங்களேப்பா. இது இடைஞ்சலா இருந்துச்சு."

"பாவி, உயிரோட விளையாடறதா இது? ஏதாவது ஆகியிருந்தா?"

"அம்மா பிரேக் சரியா இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் படுத்தேன். உங்க பிரேக்தாம்ப்பா ஆபத்து. யாரும் கேக்காமலே பிடிக்குது."

வாத்தியார் மனைவி பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. உங்க பிரேக்கை மிதிச்சா என் பிரேக்கும் கீழ போகுமேங்க. ரெண்டுக்கும் ஒரே கம்பி."

"நீதான் காலைப் பார்க்கவே இல்லையே."

"பார்த்தாத்தான் தெரியுமா? கால் அதும் மேலதானே இருக்கு."

இருபது வருஷமாகப் பக்கத்து சீட்டிலேயே இருந்தவருக்கு இது தோன்றவே இல்லை. இன்னொருவர் பக்கத்து சீட்டில் மிதிக்க, ஓட்டுகிறவர் சீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே," என்றாள் மனைவி. "ஏத்தத்துல வண்டி எடுக்க வேற எங்க போய்ப் பழகறது? பிரேக்கோட சேர்த்து இழுத்துப் பழகினதுக்கு அப்புறம், இன்னிக்குப் பாலம் சமதளம் மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் கத்துக் குடுத்தீங்க."

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசிப் பிடிமானமாக அம்மாவைப் பார்த்தார்.

"நீயுமாம்மா? அப்பா இருந்திருந்தா இப்படி நடந்திருக்குமா? அவர் ஒரு சொல்லு சொன்னா இந்த வீட்டுல அதுக்கு மறுசொல்லு உண்டா?"

"எந்தச் சொல்லு? பார்க்கலாமா?" அம்மா சிரித்தாள். "எனக்கும் லாரி ஓட்டக் கத்துக் குடுங்கன்னு அவரைக் கேட்டேன். பார்க்கலாம்னார். ஒரு மழைக்காலம் முழுக்க அவர் கால் உடைஞ்சு கட்டுப் போட்டுக் கிடந்தாரே, நீ கைக்குழந்தை. அப்ப லாரியை யாரு ஓட்டினான்னு நினைச்ச? நான் ஓட்டினேன். அவர் பக்கத்துல உன்னை மடியில வச்சுக்கிட்டுப் பார்த்தார். சொன்ன சொல் தவறாத மனுஷன்."

பரம்பரைச் சொத்து என்று வாத்தியார் இத்தனை வருஷம் கட்டிக் காத்தது, பரம்பரையிலேயே ஒரு தடவைகூட வேலை செய்ததில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபமாக இருப்பாள் என்று அவர் பயந்தார். அவள் தைலத்தை எடுத்து அவர் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"பயமா இருந்துச்சு."

"ஆக்சிடென்ட் ஆயிடும்னா?"

"ஆகாம, நீ பாட்டுக்குப் போயிடுவியோன்னு."

"போகத்தானே கத்துக்கிட்டேன்," என்றாள் அவள். கொஞ்ச நேரம் தேய்த்தாள். "போறதுக்கு மட்டுமா ஸ்டியரிங் இருக்கு? திருப்பறதுக்கும்தான் இருக்கு."

இந்த நேரம் பார்த்து ஸ்பேனர் மெல்ல ஆரம்பித்தாள்.

"அப்பா, அந்தக் கப்பல் எஞ்சின் படிப்பு?"

"பார்..." என்று ஆரம்பித்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். சொல் பாதியில் அணைந்தது.

"சரி," என்றார். அந்தச் சொல் அவர் வாய்க்கே புதிதாக இருந்தது.

கம்பெனி கார் வந்து சேர்ந்தது. துறைமுகத்து ஊர்ப் பக்கம் உள்ள கடைகளுக்குத்தான் மனைவியின் முதல் பயணம். கல்லூரியைப் பார்க்க ஸ்பேனரும் கிளம்பினாள். முன்சீட்டு எனக்கு என்று அம்மா முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். வாத்தியார் வாசலில் நின்று டயரைத் தட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், அம்மா காலடியில் குனிந்து பார்த்தார். அங்கே பிரேக் இல்லை. வெறும் கால்மிதி விரித்திருந்தது.

"மழை வந்தா ஓரமா நிறுத்திடு. போன்ல சார்ஜ் இருக்கா? லாரி வந்தா வழி விட்டுடு."

"லாரிதான் நமக்கு வழி விடணும்," என்றாள் அம்மா.

மனைவி வண்டியைக் கிளப்பினாள். வாசல் மண்ணில் அவர் வலது கால் தானாக அழுந்தியது. கார் பாட்டுக்கு நகர்ந்தது. அவர் கூடவே நாலடி நடந்து, ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டேவிட்டார்.

"எப்ப திரும்பி வருவே?"

அவள் காலைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்தபடி அடுத்த கியரைப் போட்டாள்.

"பார்க்கலாங்க."